அகற்றத்தக்க அபாயம்

ஒரு வீட்டில் ஈயம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரில் பயன்படும் கருவி குழந்தை. இதைவிட நல்ல கருவியை இதுவரை யாரும் செய்யவில்லை. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், நகராட்சிக்கு ஒரு காசு செலவில்லை. அது தரையில் தவழும், மூலை முடுக்கெல்லாம் போகும், கண்ணில் பட்டதை நக்கும், கையில் அகப்பட்டதை வாயில் போட்டுக்கொள்ளும். பிறகு அதன் விரலில் ஊசி குத்தி ரத்தத்தைப் பார்த்தால் வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும். ஒரே ஒரு குறை, கருவி கொஞ்சம் பழுதாகிவிடும். அதற்கு ‘ஈயமற்ற இல்லங்கள் பணியகம்’ என்ன செய்யும், பாவம்.

லூதர் பெட்டவேக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அவன் ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறவன். அமெரிக்காவின் ஒஹாயோவில், ஏரிக் காற்று முகத்தில் அறையும் எங்கள் ஊரின் கிழக்குப் பக்கத்தில், ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தை மனைவி வெர்னீட்டாவுடனும் நடை பழகும் மகள் ஜூனியுடனும் வாடகைக்கு எடுத்திருந்தான். வீட்டுக்காரர் கோவாலிக் புளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. போன் செய்தால் அவருடைய பதில் சொல்லும் இயந்திரம் மரியாதையாகப் பேசும்.

வீட்டு ஜன்னல்கள் மேலும் கீழுமாக இழுத்துத் திறக்கிற பழைய ரகம். திறக்கும்போதெல்லாம் மரத்தோடு மரம் உரசி, அடிக்கட்டையில் வெள்ளைத் தூள் விழும். ஒருநாள் ஜூனி அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஐஸ்கிரீம் நக்குவதுபோல நக்கிக்கொண்டிருந்ததை வெர்னீட்டா பார்த்தாள். ஈயம் கலந்த அந்தக் காலத்துப் பெயின்ட் இனிக்கும் என்பதை எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லூதர் மறுநாளே பணியகத்துக்குப் போனான்.

அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். “பிள்ளைக்கு ரத்தத்துல ஈயம் இருக்கா?”

“தெரியலைங்க. வந்துரக் கூடாதேன்னுதான் இப்பவே வந்தேன். வீட்டை ஒருதரம் சோதிச்சுப் பாத்தீங்கன்னா...”

“வந்தப்புறம் வாங்க.”

“எது வந்தப்புறம்?”

“ஈயம்.”

லூதர் தலையைச் சொறிந்தான். “அப்ப முதல்ல பிள்ளைக்கு விஷம் ஏறணுங்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே, நீங்கதான் சொல்றீங்க,” என்று அந்த அம்மாள் உஷாரானாள். “விஷம் ஏத்திக்கச் சொல்லி நாங்க யாரையும் வற்புறுத்தறதில்லை. தகுதி வேணும்னுதான் சொல்றோம். தகுதி இல்லாதவங்க வீட்டுக்கெல்லாம் போயிக்கிட்டிருந்தா, தகுதி உள்ளவங்க என்ன நினைப்பாங்க?”

போகும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, கை கழுவும் குழந்தையின் படம் போட்ட வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். படத்தில் ஒரு வீடு சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு லூதருக்குப் பிடிக்கவில்லை.

தகுதி வர அதிக நாள் ஆகவில்லை. அடுத்த பரிசோதனையில் ஜூனியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. “உள்ள போன ஈயம் எலும்புல போய் உக்காந்துக்கும். முழுசா எடுக்க முடியாது. இதுக்கு மேல ஏறாம பாத்துக்கறதுதான் உங்க கையில இருக்கு,” என்றார் கிளினிக் டாக்டர். பேச்சு தாமதமாகலாம், படிப்பு ஏறாமல் போகலாம், காரணமில்லாமல் கோபம் வரலாம் என்றும் சொன்னார். வெர்னீட்டா பிள்ளையின் விரலில் ஒட்டிய பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூதர் வெளியே போய் லாரிக்குள் உட்கார்ந்து அழுதான். யாரோ கதவைத் தட்டி என்னவென்று கேட்டபோது, வெங்காயம் என்று சொன்னான். லாரியில் வெங்காயம் கிடையாது.

பணியகத்திலிருந்து போன் வந்தது. “வாழ்த்துகள் மிஸ்டர் பெட்டவே! உங்களுக்குத் தகுதி கிடைச்சிருச்சு.”

சோதனை அதிகாரி ட்ரெக்ஸ்லர் வந்தார். நெடிய மனிதர். செருப்பிலிருந்து கூரைவரை வீட்டை ஒரு பார்வை பார்த்தார், ஜன்னலை மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு லூதருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“மீன் பிடிப்பீங்களா?”

“எப்பவாவது, ஏரியில.”

“தூண்டில்ல குண்டு கட்டுவீங்க. குண்டு ஈயம்.” அவர் முகம் மலர்ந்தது.

“அது காருல கிடக்கு. பிள்ளை அதைத் தொட்டதே இல்லை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்கப் பிள்ளையையே பாத்துக்கிட்டிருக்கீங்களா?”

“வேலைக்குப் போகணுமே சார்.”

“பார்ப்பதில்லை,” என்று எழுதிக்கொண்டார். பிறகு வெர்னீட்டாவிடம் திரும்பினார். “உதட்டுச் சாயம் போடுவீங்களா?”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப.”

“அப்புறம் பிள்ளைக்கு முத்தம் குடுப்பீங்க.”

“எம் பிள்ளைக்கு நான் குடுக்காம நீங்களா வந்து குடுப்பீங்க?”

“முத்தம், ஆமாம்,” என்று எழுதிக்கொண்டார்.

அடுப்பில் புகையிட்ட வான்கோழித் துண்டோடு காலர்ட் கீரை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சட்டி எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டார். மிளகுத்தூள் யார் கொடுத்தது, பிள்ளையின் பொம்மையை வாங்கித் தந்த சித்தி எப்படிப்பட்டவர், லூதர் வேலை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றுவானா, மாற்றினால் எதை மறைக்க மாற்றுகிறான் என்றெல்லாம் கேட்டார். லூதருக்குத் தான் நிஜமாகவே ஏதோ செய்துவிட்டோமோ என்ற பயம் வந்தது. கூடவே இந்த ஆள் கோவாலிக்கின் ஆளோ என்ற சந்தேகமும் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், அந்த ஜன்னல்...” என்றான் கடைசியில்.

ட்ரெக்ஸ்லர் விருப்பமில்லாமல் எழுந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து ஜன்னல் சட்டத்தில் வைத்து அழுத்தினார். கருவி அலறியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இருக்கு. அடேயப்பா, இப்படி ஒரு அளவை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு.”

“அப்ப அபாயம்னு எழுதுங்க.”

“ஈயம் வேற, அபாயம் வேற, மிஸ்டர் பெட்டவே. பெயின்ட் உரியலை, வெடிக்கலை. அது பாட்டுக்குச் சிவனேன்னு கிடக்கு. அதை ஏன் நாம தொந்தரவு பண்ணணும்?”

லூதர் போய் ஜன்னலைப் பிடித்து மேலே இழுத்தான். கிறீச்சென்று சத்தம் கேட்டது. கட்டையிலும் தரையிலும் மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூள் விழுந்தது. “இது என்ன?” என்றான்.

“இது இப்ப நீங்க உண்டாக்கினது. நான் வர்றப்போ இல்லை. அதுக்கு நானே சாட்சி,” என்று ட்ரெக்ஸ்லர் மூன்றடி பின்வாங்கினார். அபாயம் குடியிருப்பவரால் உண்டாக்கப்பட்டது என்று எழுதி, ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் காகிதத்தை அதன் மேல் ஒட்டினார்.

கோடை வந்தது. ஜூனிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைப் பார்த்த சுகாதாரத் துறைக்காரர் ஒருவர், குழந்தை இருக்கிற அறையில் ஜன்னலை மூடிவைப்பது குற்றம் என்று ஒரு பச்சைக் காகிதத்தை மஞ்சள் காகிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று மிகவும் கண்ணியமாகப் பேசி முடிவுக்கு வந்தன. அதன்படி ஜன்னல் மூடியே இருக்கும், ஆனால் திறந்திருப்பதாகக் கருதப்படும். வேர்க்குருவுக்கு யாரும் இதைத் தெரிவிக்கவில்லை.

லூதர் ஜன்னலை இழுத்த அன்று கீழே விழுந்த தூளை மட்டும் பணியகத்தால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அது அதிகாரியின் முன்னிலையில் விழுந்துவிட்டது. ஆகவே ட்ரெக்ஸ்லர் திரும்பி வந்து, ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு சதுர அடிக்கு நாடா ஒட்டி எல்லை கட்டினார். ஈரத்துணியால் அந்தச் சதுரத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, மூலைகளை விடாமல் துடைத்தார். வெர்னீட்டா அசந்துபோனாள். தன் வாழ்நாளில் ஒரு தரை இவ்வளவு சுத்தமாகத் துடைக்கப்பட்டு அவள் பார்த்ததில்லை. துணி சோதனைச்சாலைக்குப் போனது. சதுரத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து நான்கு பக்கமும் ஒட்டினார்.

“இது ஆதாரம். யாரும் தொடக் கூடாது, தூசி விழக் கூடாது.”

“மத்த இடத்துல விழலாமா?”

“மத்த இடம் ஆதாரம் இல்லையே.”

சோதனையில் சதுரம் தோற்றது. அபாயத்தை அகற்றச் சொல்லிக் கோவாலிக்குக்கு உத்தரவு போனது. அவர் தன் தங்கை மகனை அனுப்பினார். அந்தப் பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல்களின் பழைய பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் நாள் முழுக்கத் தேய்த்தான். பிறகு மேலே வெள்ளையோ வெள்ளை என்று ஒரு பூச்சு பூசினான். வேலைக்குப் போயிருந்த லூதர் திரும்பி வந்தபோது சோபா, மேஜை, அடுப்பு, ஜூனியின் தொட்டில் எல்லாம் வெள்ளையாக இருந்தன. அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனி மேஜை மேல் படிந்த தூளில் விரலால் கோடு இழுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். லூதர் ஓடிப்போய் அவளைத் தூக்கினான்.

அவன் பிள்ளையைக் குளிப்பாட்டினான். வெளியே போயிருந்த வெர்னீட்டா வந்து ஈரத்துணியால் வீட்டையே துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தூள் வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் தூள் படியாமல் தப்பித்த இடம் ஒன்றே ஒன்றுதான், பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருந்த அந்தச் சதுர அடி.

மறுசோதனைக்கு ட்ரெக்ஸ்லர் வந்தார். நேராகப் போய் மூடியைப் பிரித்தார். ஈரத்துணியை எடுத்தார்.

“சார், சார்,” என்று லூதர் ஓடினான். “அது நீங்க ஏற்கெனவே துடைச்ச இடம்!”

“ஆமா.”

“அதை மூடி வேற வெச்சிருந்தீங்க!”

“ஆமா.”

“அப்ப அதுல எப்படி சார் ஈயம் இருக்கும்? இதோ சோபாவைத் துடைங்க. தொட்டிலைத் துடைங்க.”

ட்ரெக்ஸ்லர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “மிஸ்டர் பெட்டவே, போன தடவை ஒரு இடத்தையும் இந்தத் தடவை வேற ஒரு இடத்தையும் சோதிச்சா அதுக்குப் பேரு விஞ்ஞானமா? எங்க எடுத்தோமோ அங்கதான் மறுபடி எடுக்கணும். விதி அது. சோபாவைப் பத்தி எங்களுக்கு முந்தின தகவல் எதுவும் கிடையாது.”

சதுரம் அபாரமாகத் தேறியது. பணியகத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு சுத்தமான தரை இருந்ததில்லையாம். அந்த அளவு சுத்தம் ஆஸ்பத்திரியில்கூட இல்லை என்று சோதனைச்சாலைக்காரர் தன் கைப்படக் குறிப்பு எழுதியிருந்தார்.

இப்பேர்ப்பட்ட வெற்றியைச் சும்மா விடுவார்களா? பணியகத்தின் இயக்குநர் மிஸஸ் விட்காம் பத்திரிகைக்காரர்களோடும் பெரிய கேக்கோடும் வந்து இறங்கினார். ஈயமற்ற இல்லம் என்ற சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். பிறகு ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசினார்.

“நண்பர்களே, நான் பதவிக்கு வந்தப்போ இந்த ஊர்ல எல்லா வீட்லயும் ஈயம் இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு. ஆனா அன்னிக்கு ஒரு வீட்லகூட சர்டிபிகேட் இல்லை!” கைதட்டல் எழுந்தது. “பிள்ளைங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏன் வீடுகளைச் சோதிக்கக் கூடாதுன்னு சில பேர் கேக்கறாங்க. அப்படிச் சோதிச்சா என்ன ஆகும்? ஈயம் கிடைக்கும். எங்க பாத்தாலும் கிடைக்கும். வீட்டுக்காரங்க ஓடிருவாங்க, பாங்க் கடன் தராது, ஊர் என்னத்துக்கு ஆகும்? நாங்க பொறுப்பானவங்க. எங்களால சமாளிக்க முடிஞ்ச அளவுக்கு மட்டும்தான் ஈயத்தைக் கண்டுபிடிப்போம். அதுக்கு மேல ஒரு துளிகூடக் கண்டுபிடிக்க மாட்டோம்னு உங்களுக்கு வாக்குக் குடுக்கறேன்!”

இன்னும் பலத்த கைதட்டல். லூதரும் தட்டினான், எல்லோரும் தட்டியதால். பாதியில்தான் என்ன சொன்னார் என்பது மண்டையில் ஏறியது. கையை இறக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஜூனியை அந்தச் சதுரத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். குழந்தை ஒரு சதுர அடிக்குள் எவ்வளவு நேரம் நிற்கும்? நழுவிப் போய் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயை வைத்தாள். “ஐயோ, எவ்வளவு அழகு!” என்று அதையும் எடுத்தார்கள். வெர்னீட்டா பாய்ந்து தூக்கினாள். கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தபோது மிஸஸ் விட்காம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். “இந்த வீட்டுக்குள்ள நான் எதுவும் சாப்பிடறதில்லை,” என்று சொல்லிவிட்டு, “டயட்,” என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் ஜூனியின் ரத்தத்தில் ஈயம் முன்னைப்போல் இரண்டு மடங்கு. இன்னொருதரம் ஏறினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். முன்பு நான்கைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றிரண்டை மறந்துபோயிருந்தது. லூதரைப் பார்த்து “டாடா” என்று ஓடி வருகிறவள், இப்போது வெறுமனே கையை நீட்டினாள்.

அவன் லாரியைப் பணியக வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தான். இந்தத் தடவை கண்ணாடிக்கு முன்னால் நிற்கவில்லை. நேராக இயக்குநர் அறைக்குள் போய்விட்டான். அங்கே ட்ரெக்ஸ்லரும் இருந்தார்.

“எம் பிள்ளை பேச்சை மறந்துக்கிட்டு வருது. அந்த வீட்டை மறுபடி சோதிங்க.”

“சர்டிபிகேட் குடுத்த வீட்டைச் சோதிக்க முடியாதே,” என்றார் மிஸஸ் விட்காம், வருத்தத்தோடு. “சோதிச்சா நாங்களே எங்க சர்டிபிகேட்டை நம்பலைன்னு ஆயிரும்.”

“அப்ப ஈயம் எங்கிருந்து வருது?”

“அதைத்தான் நாங்களும் கேக்கறோம், மிஸ்டர் பெட்டவே. வீட்ல ஈயம் இல்லை. அது நிரூபணமான விஷயம். ஆனா அந்த வீட்டுக்குள்ள ஈயம் இருக்குன்னு கிளினிக் சொல்லுது.” அவர் ட்ரெக்ஸ்லரைப் பார்த்தார்.

ட்ரெக்ஸ்லர் தொண்டையைச் செருமினார். “அந்த வீட்ல சோதனைச்சாலையே ஈயம் இருக்குன்னு உறுதி பண்ணின பொருள் இப்போ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உசரம் இரண்டரை அடி. நடமாடக்கூடியது.”

லூதருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “ஜூனியையா சொல்றீங்க?”

“நாங்க பேரைச் சொல்லி யாரையும் களங்கப்படுத்தறதில்லை,” என்றார் மிஸஸ் விட்காம். “அகற்றத்தக்க அபாயம்னு மட்டும்தான் போடுவோம்.”

“அவ குழந்தைம்மா!”

“உங்க உணர்ச்சி புரியுது. ஆனா ஈயமில்லாத ஒரு வீட்ல ஈயத்தைக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்களே, வீட்டுக்காரரோட நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

வாரக் கடைசிக்குள் அபாயத்தை அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. லூதர் கொதித்தான். கோவாலிக் வாடகையை ஏற்றுவதற்காகத்தான் இந்த நாடகம் என்றான், வக்கீலைப் பார்ப்பேன் என்றான், வாசலில் மாட்டிய சர்டிபிகேட்டைச் சட்டத்தோடு கழற்றி ட்ரெக்ஸ்லர் தலையிலேயே போடுவேன் என்றான். வெர்னீட்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

“என்ன பண்றே நீ? அவங்க சொன்னதுக்கு அடங்கிப் போறியா?”

“லூதர், இந்த வீட்டைவிட்டு எம் பிள்ளையை வெளிய கொண்டுபோன்னு சொல்றாங்க. இத்தனை மாசத்துல அவங்க வாயிலருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை இதுதான்ப்பா. எதுக்குச் சொன்னா என்ன? நீ அந்தத் தொட்டிலை விட்டுரு, அது வேண்டாம்.”

அவள் சொன்னது சரிதான். வெர்னீட்டாவின் அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடத்தில் இருந்தாள். சோபாவும் விரிப்பும் மெத்தையும் அங்கேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்து, துவைத்த துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ட்ரெக்ஸ்லர் வெள்ளை உடுப்பும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக்கு அவர் இப்படி வந்தது அதுதான் முதல்முறை. அபாயம் போகிற வழியில் தூள் சிந்திவிடக் கூடாது என்று வாசலிலிருந்து நடைபாதைவரை பிளாஸ்டிக் விரித்தார். அதன் மேல் லூதர் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். அவள் முகமூடியைப் பார்த்துக் கையாட்டினாள். ட்ரெக்ஸ்லர் கையாட்டாமல் ஒரு அடி நகர்ந்துகொண்டார்.

வெர்னீட்டா காருக்குள் உட்காருவதற்குள் ஒரு பழைய வேன் வந்து நின்றது. இறங்கியவள் சின்னப் பெண். யெசெனியா என்று ட்ரெக்ஸ்லர் அவளைப் பெயர் சொல்லி வரவேற்றார். புதிதாகக் குடிவருகிறவள். மார்போடு கட்டிய துணிக்குள் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் இருந்த சர்டிபிகேட்டை அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“இப்படி ஒரு வீடு கிடைக்கிறதுக்கு நாங்க எவ்வளவு நாளா அலைஞ்சோம் தெரியுங்களா!” என்றாள்.

லூதருக்குப் பொறுக்கவில்லை. ஜூனியைத் தூக்கிக்கொண்டே அவளிடம் ஓடினான். “தாயி, அந்தப் பேப்பரை நம்பாதே. உள்ள போகாதே. ஜன்னல் பூரா விஷம். இந்தா பாரு, எம் பிள்ளையைப் பாரு, பேசிக்கிட்டிருந்த பிள்ளை. உன் பிள்ளையை அதுக்குள்ள கொண்டுபோகாதே, உன் கால்ல விழறேன்.”

யெசெனியா திகைத்து ட்ரெக்ஸ்லரைப் பார்த்தாள். அவர் முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். “நான் சொன்னேனே, அதுதான் அந்தக் குழந்தை.”

அவளுக்கு முகம் வெளிறியது. சட்டென்று துணியை இழுத்துத் தன் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடினாள். “கிட்ட வராதீங்க! தயவுசெஞ்சு கிட்ட வராதீங்க!” என்று கையை முன்னால் நீட்டியபடி பின்னுக்கு நடந்தாள்.

லூதர் நின்றுவிட்டான். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் கண்ணில் இருந்த பயம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த பயம். அவள் திரும்பி, ஜூனியிடமிருந்து தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.